புதினாவில் ஏறிய வாசம்

அத்தியாயம் பதினொன்று

தொப்பிக்காரரின் ஃபோன் வந்தபோது நான் கொத்தமல்லிக் கட்டுகளின் வேரை அரிந்துகொண்டிருந்தேன்.

பெரிய ஹோட்டல் ஒன்றின் தலைமைச் சமையல்காரர் அவர். தலையில் முழ உயரத்துக்கு வெள்ளைத் தொப்பி வைத்திருப்பார், அதனால் எங்கள் வீட்டில் அந்தப் பெயர். வழக்கமாக, "பச்சை ராணியம்மா, சௌக்கியமா?" என்று கேலியோடுதான் ஆரம்பிப்பார். அன்று கேலி இல்லை.

"என்னம்மா அனுப்பியிருக்கீங்க?"

"புதினாவும் பார்ஸ்லியும். நேத்து சாயங்காலம் தம்பி கொண்டு வந்து கொடுத்தாரே."

"பையில புதினான்னுதான் எழுதியிருக்கு. உள்ள இருக்கறது என்னன்னு நீங்கதான் சொல்லணும். சூடான வாணலில ஒரு கட்டியைப் போட்டேன். கிச்சன் முழுக்கப் பழைய துணிப்பெட்டி நாத்தம். காய் நறுக்கறவர் மூக்கைப் பொத்திக்கிட்டு வெளியே ஓடிட்டார்."

"யாராவது சாப்பிட்டுட்டாங்களா?"

"ஒரு தட்டும் வெளியே போகலை. போயிருந்தா நான் உங்ககிட்ட இவ்வளவு பொறுமையாப் பேசிக்கிட்டு இருக்க மாட்டேன். உங்க வீட்டுக்காரர் முகத்துக்காக முதல்ல உங்களைக் கூப்பிட்டேன். என்ன நடந்துச்சுன்னு பார்த்துச் சொல்லுங்க. மிச்சப் பையெல்லாம் திருப்பி அனுப்பறேன்."

ஃபோனை வைத்த பிறகும் கத்தி என் கையிலேயே இருந்தது.

எங்கள் வீட்டில் இலைதான் பிழைப்பு. விடிந்ததும் சந்தையிலிருந்து வரும் கட்டுகளைப் பிரித்து, ஆய்ந்து, கழுவி, உறைய வைத்து ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறோம். அன்று பறித்த மணம் என்றைக்கு வேண்டுமானாலும் அவர்கள் வாணலியில் எழ வேண்டும். அதற்காகத்தான் எங்களைத் தேடி வருகிறார்கள்.

தொழிலைத் தொடங்கியவர் என் கணவர். மணத்துக்குக் காவல், அவருடைய அம்மா. அத்தையின் மூக்குக்கு இந்த வட்டாரத்தில் தனி மரியாதை உண்டு. கட்டைப் பிரிக்காமலே, "இது நேத்தைய சரக்கு, உன் மாமியார் வீட்டுக்குக் கொடுத்தனுப்பு" என்று வியாபாரியிடம் திருப்பி நீட்டிவிடுவார். அத்தை வருவதைப் பார்த்தால் சிலர் பழைய கட்டுகளைச் சாக்குக்கு அடியில் தள்ளுவார்கள்.

இப்போது என் கணவர் இல்லை. மழைக்காலத்துக்கு முன், ஒரு காலை நேரத்தில், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வேலை அறையில் கேஸ் பரவித் தீப்பிடித்ததில் போய்விட்டார். பின்னாலேயே ஓடிய எனக்கு முன்கைத் தோல் சுருங்கியதோடு சரி. இத்தனை வாரமாக எங்கள் கதையைப் படித்து வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். என்னைத் தின்றுகொண்டிருந்த கேள்வியும் தெரியும்.

அவர் அன்று வேலை அறைக் கதவைத் திறந்ததுமே நெடி முகத்தில் அடித்திருக்கிறது. "கேஸ்! தெருவுக்குப் போ, நிக்காதே!" என்று முற்றத்துக் குழாயடியில் இருந்த என்னை விரட்டினார். பிறகு தோளில் கிடந்த துண்டால் மூக்கையும் வாயையும் இறுகக் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். அந்த நேரம் பார்த்து ஃப்ரீசரின் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்திருக்கிறது. அதில் தெறித்த பொறி போதுமாக இருந்தது என்று தீயணைப்பு அதிகாரி சொன்னார்.

நெடி தெரிந்தவர், என்னைத் தள்ளிப் போகச் சொன்னவர், தான் மட்டும் ஏன் உள்ளே போனார்?

தம்பியிடம், அதாவது என் கொழுந்தனிடம், அதற்கு ஒரு பதில் இருந்தது. "ஃப்ரீசர்ல இருந்த சரக்கைக் காப்பாத்தப் போயிருக்கான், வேற என்ன? இலைக்காக உயிரை விட்டான் மடையன்." கோபமாகச் சொல்வார். சொல்லிவிட்டு வேனுக்குள் போய் உட்கார்ந்து அழுவார். தெருவும் அதையேதான் சொன்னது. என்னால் அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. முற்றத்தில் நின்ற என்னை விட அந்தப் பைகள் அவருக்குப் பெரிதாகப் போய்விட்டனவா?

கத்தியை வைத்துவிட்டு வேலை அறைக்குப் போனேன்.

புதுச் சுண்ணாம்பு, புது ஃப்ரீசர்கள், கேஸுக்குப் பதில் மின் அடுப்பு. நீள மேஜை மட்டும் பழையது. ஃப்ரீசரைத் திறந்து நேற்று கட்டிய புதினாப் பை ஒன்றை எடுத்தேன். காற்றை அழுத்தி வெளியேற்றிய தட்டைப் பை, மேலே பெயரும் தேதியும் ஒட்டியிருந்தது. பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை. ஐஸ் அச்சில் எண்ணெயோடு உறைந்த இலைக் கட்டிகள் பச்சைப் பசேல் என்று இருந்தன.

உறைந்த இலை வாய் திறக்காது. கொஞ்சம் சூடு வேண்டும். ஒரு கட்டியை உள்ளங்கையில் பொத்தி வைத்தேன். விரலிடுக்கில் எண்ணெய் கசிந்தது. முகத்தருகே கொண்டு போனேன்.

முதலில் புதினா. அதற்கு அடியிலிருந்து, மூக்கின் மேற்பகுதியில் போய்க் குத்துகிற மாதிரி, இன்னொன்று.

அந்துருண்டை.

எந்த அந்துருண்டை என்றுகூட எனக்குத் தெரிந்துவிட்டது. காரியமெல்லாம் முடிந்த பிறகு, பூச்சி அரித்துவிடக் கூடாதே என்று கை நிறைய அள்ளிப் போட்டு நானே மூடிய அலமாரி. அவருடைய அலமாரி. அதற்குப் பிறகு நான் அதைத் திறக்கவில்லை. யாரும் திறக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படுக்கையறைக்கு ஓடினேன். அலமாரிக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. சட்டைகள் இருந்தன. கீழ்த்தட்டில் அவர் போர்த்திக்கொள்ளும் பழைய பருத்திப் போர்வை இல்லை. அது இருந்த இடத்தில் வெள்ளை உருண்டைகள் சிதறிக் கிடந்தன.

என் கண்ணுக்கு எதிரே யாரோ அவரைத் தொட்டுப் புரட்டிப் போட்டது போல இருந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தேன். போர்வை கொடியில் தொங்கியது. நெடுகப் பச்சைக் கறை.

வேலை அறைக்குத் திரும்பியபோது அத்தை மேஜை முன் உட்கார்ந்து, அன்றைய புதினாவைக் காம்பிலிருந்து உருவிக்கொண்டிருந்தார்.

"அத்தை, அவர் அலமாரியைத் திறந்தீங்களா?"

"ஆமா." தலை நிமிரவில்லை. "நேத்து ஈரக்காத்துல சுருட்டுத் துணி ஒண்ணுகூடக் காயலை. இங்க புதினாவை வெந்நீர்ல முக்கி எடுத்தாச்சு. அப்படியே போட்டு வச்சா கறுத்துப் போகும்ல? அவன் போர்வை நல்ல பழைய பருத்தி. தண்ணியை அப்படியே இழுத்துச்சு."

எங்கள் வேலையின் உயிர் அந்தச் சுருட்டுத் துணியில்தான் இருக்கிறது. இலையில் ஒரு சொட்டு ஈரம் தங்கினாலும் அது உறையும்போது ஊசியாகி இலையைக் கிழித்துவிடும். அதனால் கொதிநீரில் முக்கி எடுத்த புதினாவை ஐஸ் தண்ணீரில் ஆற்றி, பிழிந்து, துணியில் பரப்பிப் பாய் போலச் சுருட்டி வைப்போம். பிறகுதான் நறுக்குவதும் அச்சில் போடுவதும்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அத்தை."

"எதுக்குக் கேட்கணும்? அலமாரிதான் உன் கல்யாணத்துக்கு வந்தது. அதுல துணி வச்சவன் என் வயித்துல பொறந்தவன்."

வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பேச்சு என்னைச் சுட்டிருக்கும். அன்று அதற்கும் எனக்கு நேரமில்லை.

"அந்துருண்டை அத்தை! போர்வை முழுக்க அந்துருண்டை ஏறியிருக்கு. புதினா எல்லாம் போச்சு. தொப்பிக்காரர் ஃபோன் பண்ணிக் கத்தறார். அதைக் கையில எடுக்கும்போதே உங்களுக்கு..."

வாக்கியம் அங்கேயே நின்றது.

கையில் எடுக்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். மேஜையில் விரிக்கும்போது தெரிந்திருக்க வேண்டும். சளி பிடித்த மூக்குக்குக்கூட அது எட்டியிருக்கும். இதுவோ கட்டைப் பிரிக்காமல் நேற்றைய சரக்கைக் கண்டுபிடிக்கிற மூக்கு.

உள்ளங்கையில் இளகிக்கொண்டிருந்த கட்டியை நீட்டினேன்.

"இதை மோந்து பாருங்க."

வாங்கினார். எப்போதும் செய்வது போலக் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, ஒரு கணம் பொறுத்து, விட்டார்.

"நல்லாத்தானே இருக்கு? புதினா மணம் தூக்குது. தொப்பிக்காரனுக்குத் தலைல தொப்பி பெருசா ஆக ஆக மூக்கு சின்னதாகுது போல."

நான் மேஜைக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

போன மாதம் அடுப்பில் பால் கருகிப் புகைந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிள்ளை போன துக்கம் என்று நினைத்தேன். கட்டு வாங்கும்போது, "நீ பாரும்மா, எனக்குச் சளி" என்று என்னிடம் தள்ளினார். என்னைத் தேற்றி வேலைக்குக் கொண்டுவரப் பார்க்கிறார் என்று நினைத்து உருகினேன்.

"அத்தை, உங்களுக்கு வாசனை தெரியலையா?"

"சளி."

"எத்தனை நாளாச் சளி?"

அத்தையின் விரல்கள் இன்னும் வேகமாக ஓடின. இலைக் கிண்ணத்தில் காம்புகள் விழுந்தன.

எனக்கு அவர் மேல் அப்போது கோபமே இல்லை. அன்று தீப்பிடித்தபோது அவர் மாடியில் இருந்தார், புகையெல்லாம் மேலேதான் போனது. அதைக் குடித்து மூக்கைப் பறிகொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறாரே என்றுதான் நினைத்தேன். எழுந்து போய் அவர் தோளைத் தொட்டேன்.

"அந்தப் புகையிலயா அத்தை போச்சு? அன்னிக்கா?"

ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். நான் நம்பியிருப்பேன். அவரை டாக்டரிடம் அழைத்துப் போயிருப்பேன், ஆயுசு முழுக்க அவருக்காக மோந்து பார்த்துச் சொல்லியிருப்பேன்.

"இல்ல," என்றார்.

"பின்னே?"

"அதுக்கு முன்னாடியே போச்சு. விஷக்காய்ச்சல்ல படுத்தேனே, அதுல. எழுந்து உட்கார்ந்தா நீ கொடுத்த காபி வெந்நீரா இருந்துச்சு. காபித்தூளை மிச்சம் பிடிச்சு யாருக்குடி சேர்க்கறேன்னு உன்னைத் திட்டினேன்ல?"

திட்டியது எனக்கு ஞாபகம் இருந்தது. அன்று என் கணவர் சிரித்துக்கொண்டே எழுந்து போய் இன்னொரு காபி கலந்து வந்ததும் ஞாபகம் இருந்தது.

"நாள் போனா வந்துடும்னு பார்த்தேன். வரலை. அவன்கிட்ட மட்டும் சொன்னேன்."

"யார்கிட்ட?"

"உன் புருஷன்கிட்டதான்."

எனக்குத் தெரியாத ஒன்று அந்த வீட்டில் அவருக்கும் அவர் அம்மாவுக்கும் நடுவே இருந்திருக்கிறது. ஒரே மேஜையில் எதிரெதிரே நின்று இலை நறுக்கியிருக்கிறோம்.

"வெளியே தெரிஞ்சா சந்தைல குப்பையை நம்ம தலைல கட்டிடுவாங்கம்மா, வாயைத் திறக்காதே, நான் பார்த்துக்கறேன்னான். பார்த்துக்கிட்டான். கட்டு பழசுன்னா பக்கத்துல நின்னு என் காலை மிதிப்பான், நான் திருப்பிக் கொடுத்துடுவேன். தினம் காலைல அவன்தான் இந்த ரூமுக்குள்ள முதல்ல வருவான். மோந்து பார்த்துட்டு, ஜன்னலைத் திறந்து விட்டுட்டு, வாம்மான்னு கூப்பிடுவான். அப்புறம்தான் நான் வருவேன்."

"அன்னிக்கு?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அன்னிக்குச் சரக்கு நிறைய. அவன் சந்தைல இருந்து வர்றதுக்குள்ள ஒரு வேலையாவது முடியட்டும்னு நானே உள்ள வந்துட்டேன். இலையைப் பரப்பினேன். பரப்பினா ஜன்னலைச் சாத்தணும்ல, காத்துல பறக்குமே? கேஸ் கசிஞ்சுக்கிட்டு இருந்தது எனக்குத் தெரியலை. சாத்திட்டு, சுருட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போனேன்."

புதினாக் காம்பு ஒன்றை இரண்டாக ஒடித்தார். நான்காக ஒடித்தார்.

"செருப்பைப் போட்டுக்கலை. இந்தா, மாடி வரைக்கும்தானேன்னு வெறுங்காலோட போனேன். என் செருப்பு இந்த வாசப்படியிலயே கிடந்துச்சு."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ உள்ள இருந்தா அந்த நெடிக்கு வெளியே ஓடி வந்திருப்பே. யாரா இருந்தாலும் வந்திருப்பாங்க. நான் வர மாட்டேன்னு உலகத்துல அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். செருப்பு வாசல்ல கிடக்கு. அவன் என்னம்மா பண்ணுவான், சொல்லு."

நான் ஏதோ சத்தம் போட்டேன் என்று நினைக்கிறேன். முற்றத்துக் கம்பியில் இருந்த புறாக்கள் பறந்தன.

பைகளைத் தேடி அவர் போகவில்லை. இலைக்காக உயிரை விடவில்லை. நாங்கள் யாரும் அம்மாவைத் தேடித்தான் போனார் என்று ஒரு நொடிகூட நினைக்காமல் போனதற்குக் காரணம் அந்த மூக்குதான். அத்தையாவது, கேஸ் நெடி தெரியாமல் உள்ளே நிற்பதாவது! கேட்டிருந்தால் சிரித்திருப்போம்.

எந்தப் பதிலுக்காக இத்தனை மாதம் உயிரை வைத்துக்கொண்டிருந்தேனோ அது கிடைத்துவிட்டது. அதை எங்கே இறக்கி வைப்பது என்றுதான் தெரியவில்லை. கன்னத்தில் வழிந்ததைக்கூடத் துடைக்கவில்லை.

"தம்பி அவரை மடையன்னு சொல்றப்பல்லாம் நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"தெருவுல பேசினப்ப?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து..."

"திறந்தா?" அத்தையின் குரல் கீச்சிட்டது. "ஒருத்தனை முழுங்கினவள்னு இருக்கிற ஒருத்தனும் என்னை விட்டுட்டுப் போயிடுவான். அவன் குணம் உனக்குத் தெரியாது. அவங்கப்பா மாதிரி. வெட்டினா வெட்டினதுதான்."

"தம்பிகிட்ட நான் சொல்லத்தான் போறேன் அத்தை."

"வேணாம்டி."

"இலைக்காகச் செத்தான்னு அவங்க அண்ணனை அவர் திட்டக் கூடாது. இன்னிக்கே சொல்லிடுவேன்."

"உன் கால்ல விழறேன்."

"விழுந்தாலும் சொல்லுவேன்."

வாசலில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு படாரென்று சாத்தப்பட்டது. தம்பி திருப்பி அனுப்பப்பட்ட பைகளை ஒரு பிளாஸ்டிக் கூடையில் சுமந்துகொண்டு நேராக உள்ளே வந்தார். பாதி உருகிப் பச்சைத் தண்ணீர் அவர் சட்டையில் வடிந்திருந்தது.

"என்ன இழவு இது? ஹோட்டல் பின்வாசல்ல அத்தனை பேர் முன்னாடி நிக்க வச்சு, உங்க வீட்டுல இலையை உறைய வைக்கறீங்களா பூச்சியை விரட்டறீங்களான்னு கேட்கறார். அந்த மனுஷன் முகத்துல எப்படி முழிப்பேன்? அண்ணன் இருந்தவரைக்கும் ஒரு பை திரும்பி வந்திருக்குமா? யார் பண்ணது இதை?"

நான் வாயைத் திறந்தேன். எங்கிருந்து தொடங்குவது, போர்வையிலிருந்தா, காய்ச்சலிலிருந்தா?

அத்தை முந்திக்கொண்டார்.

"அவகிட்டக் கத்தாதடா."

குரலில் அப்படி ஒரு கனிவு. நான் திரும்பிப் பார்த்தேன்.

"தெரியாம அலமாரித் துணியை எடுத்துச் சுருட்டிட்டா, பாவம். அவளுக்கு மூக்கே போயிடுச்சுடா. அன்னிக்குக் குடிச்ச புகை. நம்மகிட்டச் சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு இத்தனை நாளா மறைச்சு வச்சிருக்கா. இப்பத்தான் அழுதுகிட்டே சொன்னா."

கூடை தம்பியின் கையிலிருந்து மெல்ல மேஜைக்கு இறங்கியது. அவர் முகத்தில் இருந்த கோபம் அப்படியே வடிந்துபோனது. என் ஈரக் கன்னத்தைப் பார்த்தார், நடுங்குகிற கையைப் பார்த்தார். அவருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"அண்ணி," என்றார். "நிஜமா?"

அத்தை என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, கிண்ணத்தில் விழுந்த காம்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட ஆரம்பித்திருந்தார்.

"ஏன் அண்ணி எங்ககிட்ட சொல்லலை?" தம்பியின் கண் நிறைந்துவிட்டது. "சொல்லுங்க. வாசனையே தெரியலையா?"

உருகுகிற பைகளிலிருந்து அந்துருண்டை எழுந்தது. நசுங்கிய புதினாக் காம்பு, தம்பியின் கையில் பெட்ரோல், சட்டையில் காய்ந்த வியர்வை, அத்தையின் தலையில் காலையில் தடவிய எண்ணெய். அந்த அறையில் இருந்த ஒவ்வொரு வாசனையும் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்துகொண்டிருந்தது.

தம்பி பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.